விலை முடிவாகும் இடத்தைப் பாருங்கள்: கொழும்பு மசாலாச் சந்தையில் ஒரு நாள்

நம் கடலூர் மாவட்டத்து விவசாயிகள் வெளிநாடு போய்வருவது இப்போது அதிசயமல்ல. மகனோ மகளோ வேலை பார்க்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறார்கள். கோயில் பயணமாக இலங்கைக்குப் போகிறார்கள். போன இடத்தில் கோயில், கடற்கரை, பெரிய கடைகள் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது ஒரு நாளை அந்த ஊர் மசாலாச் சந்தைக்கு ஒதுக்கி வையுங்கள். எதையும் வாங்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். காலையில் போய், மாலை வரை மெதுவாகச் சுற்றி, வாங்குபவர் சரக்கை எப்படிப் பார்க்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் விதை, உரம், மருந்து, தண்ணீர் பற்றி நிறையப் பேசுகிறோம். அறுவடைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். மிளகாய், மிளகு, மஞ்சள், மல்லி போன்ற நறுமணப் பயிர்களில் விலையின் ஒரு பகுதி வயலில் முடிவாகிறது. இன்னொரு பகுதி காயவைக்கும் களத்தில் முடிவாகிறது. களத்தில் எதை விட்டோம் என்பது சந்தையில் சரக்கைக் கொட்டும்போதுதான் தெரியும். அந்தக் கொட்டும் இடத்தை நம்மில் பலர் பார்த்ததே இல்லை.

நான் ஒரு முழு நாளைச் செலவிட்ட கொழும்பு புறக்கோட்டைச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து இதைச் சொல்கிறேன். நீங்கள் அங்கே போனால் எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதும் இதில் உண்டு.

மொழி தெரிந்த வெளிநாடு

கொழும்பு நமக்குப் பக்கத்து ஊர் போலத்தான். சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் அருகே உள்ள காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கப்பல் ஓடும் நாட்களை விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இன்னொரு வசதி மொழி. புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்களில் தமிழரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் நிறையப் பேர். ஆங்கிலத்தில் இந்த இடத்துக்குப் 'பெட்டா' என்று பெயர். அது நம் 'பேட்டை' என்ற சொல்லிலிருந்து வந்தது. கோட்டைக்கு வெளியே இருந்த பேட்டை என்பதால் தமிழில் புறக்கோட்டை.

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று வரிசையாக ஐந்து குறுக்குத் தெருக்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சரக்கு. தங்க நகைக்குச் செட்டியார் தெரு. மளிகை மொத்த வியாபாரத்துக்கு நான்காம் குறுக்குத் தெரு. அதற்குப் பக்கத்தில், ஐந்தாம் குறுக்குத் தெருவை ஒட்டி, கேபோஸ் லேன் என்ற குறுகலான சந்தில் மசாலாப் பொருட்களும் நாட்டு மருந்துச் சரக்கும். திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட்டில் நடந்து பழகியவர்களுக்கு அந்த நெரிசல் புதிதாகத் தெரியாது.

சொற்கள் மட்டும் கொஞ்சம் மாறும். நாம் வத்தல் என்பதை அங்கே 'செத்தல் மிளகாய்' என்கிறார்கள். நம் பட்டை அங்கே 'கறுவா'. கிராம்பு 'கராம்பு'. சோம்பு 'பெருஞ்சீரகம்'. மீன் குழம்புக்குப் போடும் 'கொறுக்காய்' நம் குடம்புளிதான். இவற்றைத் தெரிந்துகொண்டு போனால் கடைக்காரர் உங்களை வேடிக்கை பார்க்க வந்தவராக நினைக்க மாட்டார். சரக்கு தெரிந்தவராக நினைத்துப் பேசுவார்.

காலை: வத்தல் மூட்டை பிரிக்கும் இடம்

காலை எட்டு மணிக்கு நான்காம் குறுக்குத் தெருவில் இருங்கள். லாரிகளிலிருந்து மூட்டை இறங்கும் நேரம் அது. நாட்டாமிகள் என்று அங்கே அழைக்கப்படும் சுமை தூக்கும் தொழிலாளர்கள் கைவண்டியில் மூட்டைகளை அடுக்கி, 'வழி, வழி' என்று தள்ளிக்கொண்டு போவார்கள். ஓரமாக நில்லுங்கள்.

இலங்கையில் செலவாகும் வத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போவது. எனவே அங்கே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நம் நாட்டு விவசாயி காயவைத்த சரக்கு. அது கடலைத் தாண்டிய பிறகு அதை என்ன கண்ணோடு பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வாங்க வருபவர் முதலில் மூட்டையின் மேல்வாயைப் பார்ப்பதில்லை. கையை உள்ளே ஆழமாக விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுக்கிறார். முதலில் நிறம். வெளுத்தது எத்தனை, கறுத்தது எத்தனை என்று கண்ணாலேயே எண்ணிவிடுகிறார். அடுத்து ஒரு வத்தலைக் காதருகே வைத்து ஆட்டுகிறார். விதை குலுங்கும் சத்தம் வந்தால் நன்றாகக் காய்ந்தது. பிறகு மடக்கிப் பார்க்கிறார். ரப்பர் போல வளைந்தால் ஈரம் இருக்கிறது. கடைசியாக முகர்கிறார். பூஞ்சை வாடையை மூக்கு ஏமாறாமல் சொல்லிவிடும்.

நான் நின்ற கடையில் ஒரு வியாபாரி சொன்னார்: "உங்க ஊர்ச் சரக்கு நல்ல சரக்குத்தான் ஐயா. ஆனா மூட்டைக்கு நடுவுல கை வைக்கும்போதுதான் அது யாரு காய வெச்சதுன்னு தெரியுது."

இதில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஈரம் இருக்கும் வத்தலில் 'ஆஸ்பர்ஜில்லஸ்' என்ற பூஞ்சை வளர்ந்து 'அஃப்ளாடாக்சின்' என்ற நச்சை உண்டாக்கும். இது கல்லீரலைப் பாதிக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். சமைத்தாலும் முழுமையாக அழியாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி நறுமணப் பொருட்களில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 30 மைக்ரோகிராம் வரைதான் இது இருக்கலாம். ஐரோப்பிய நாடுகளில் வரம்பு 10 மைக்ரோகிராம். ஒரு மூட்டையில் சில வத்தல் கெட்டிருந்தால் போதும், அரைத்த பிறகு அந்த முழுத் தூளும் தேறாமல் போகலாம்.

எடை கூடட்டும், நிறம் பளபளக்கட்டும் என்று விற்பதற்கு முன்னால் வத்தலில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அன்று கூடும் எடை கையில் காசாகத் தெரியும். அதே தண்ணீர்தான் மூட்டைக்குள் பூஞ்சைக்கு வழிவிடுகிறது. வியாபாரி ஒருமுறை இதைக் கண்டால், அடுத்த முறை அந்த ஊர்ச் சரக்கு முழுவதற்கும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். ஒருவர் தெளித்த தண்ணீருக்கு ஊரே விலை கொடுக்கிறது.

தரம் பிரித்தால் லாபமா? ஒரு கணக்கு

'தரம் பிரியுங்கள்' என்று எங்களைப் போன்றவர்கள் சொன்னால், 'கூலிக்கு யார் கொடுப்பது' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்காகவே பார்ப்போம்.

உங்களிடம் 400 கிலோ வத்தல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 கிலோ வெளுத்தது. நல்ல சரக்கு கிலோ 150 ரூபாய். கலந்திருப்பதால் வியாபாரி 10 ரூபாய் குறைத்து 140-க்குக் கேட்கிறார். மொத்தம் 56,000 ரூபாய். பிரித்துக் கொடுத்தால் 380 கிலோவுக்கு 57,000 ரூபாய். வெளுத்த 20 கிலோ பாதி விலைக்குப் போனாலும் 1,500 ரூபாய். மொத்தம் 58,500. வித்தியாசம் 2,500 ரூபாய்.

மூட்டை கட்டிய பிறகு 400 கிலோவையும் கொட்டி, ஆள் வைத்துப் பொறுக்கினால் இந்த 2,500 கூலிக்கே போதாது. அதனால் பொறுக்கும் வேலையைக் களத்திலேயே செய்ய வேண்டும். காயும்போது தினமும் புரட்டுகிறோம் அல்லவா? அப்போதே வெளுத்ததையும் கறுத்ததையும் ஒரு கூடையில் தனியாகப் போட்டுக்கொண்டே வந்தால் தனிக்கூலி இல்லை. தரம் பிரிப்பு என்பது விற்கும் நாளில் செய்யும் வேலை என்று நினைப்பதால்தான் அது கட்டுப்படியாகாமல் போகிறது. உங்கள் மண்டியில் நல்ல சரக்குக்கும் கலந்த சரக்குக்கும் எவ்வளவு விலை வித்தியாசம் என்று முதலில் கேட்டுவிட்டு, மேலே உள்ள கணக்கில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

மிளகு: படியில் அளந்தால் தெரியும்

பண்ருட்டிப் பக்கம் பலா மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். சமவெளியில் மிளகு வருமா என்று சந்தேகப்பட்ட காலம் போய்விட்டது. நிழலும் ஈரமும் கொடுத்தால் வருகிறது. இனி அடுத்த கேள்வி, வந்த மிளகை எந்தத் தரத்தில் விற்பது என்பது.

இலங்கை மிளகு காரத்துக்குப் பெயர் பெற்றது. காரத்தைத் தரும் 'பைப்பரின்' அதில் அதிகம். புறக்கோட்டையில் மிளகு வாங்குபவர் கையில் எடுத்ததும் இரண்டு விரலால் நசுக்குகிறார். பொக்கு மிளகு உடனே நொறுங்கிவிடும். முற்றிய மிளகு அசையாது. பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். மாவு போல மசிந்தால் ஈரம்.

மொத்த வியாபாரத்தில் 'லிட்டர் எடை' என்ற அளவு ஒன்று உண்டு. ஒரு லிட்டர் பாத்திரத்தில் தலைதட்டி மிளகை நிரப்பி எடை போடுவார்கள். 550 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் நல்ல திரட்சியான மிளகு. 500 கிராமுக்குக் கீழே போனால் பொக்கு கலந்திருக்கிறது. இதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு லிட்டர் படியும் சமையலறைத் தராசும் போதும். விற்கப் போகும் முன் வீட்டிலேயே அளந்து பாருங்கள். எடை குறைவாக இருந்தால் முறத்தில் புடைத்தோ காற்றில் தூற்றியோ பொக்கை நீக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அந்த எண் உங்களுக்குத் தெரிந்திருந்தால் வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. 'என் மிளகு லிட்டருக்கு 560 கிராம்' என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம்.

திரட்சியான மிளகு வேண்டுமானால் அறுவடைப் பக்குவம் முக்கியம். ஒரு கதிரில் ஒன்றிரண்டு மணிகள் மஞ்சள் அல்லது சிவப்பாக மாறும்போது அந்தக் கதிரைப் பறிக்க வேண்டும். திருட்டுக்கும் பறவைக்கும் பயந்து முன்கூட்டியே பறித்தால் பொக்குதான் மிஞ்சும். மணி உதிர்த்த பிறகு, மூங்கில் கூடையில் போட்டுக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காயவைத்தால் ஒரே சீரான கருமை வரும். சீக்கிரமும் காயும், தூசியும் கிருமியும் குறையும். 100 கிலோ பச்சை மிளகுக்குச் சுமார் 33 கிலோ காய்ந்த மிளகு கிடைக்கும்.

நண்பகல்: கேபோஸ் லேன் சந்தில்

வெயில் ஏறியதும் ஒரு கடையில் இஞ்சி போட்ட பிளேன் டீ குடித்துவிட்டு கேபோஸ் லேனுக்குள் நுழையுங்கள். மொத்த வியாபார இரைச்சல் இங்கே குறைவு. சாக்குகளின் வாயை மடித்து வைத்து ஏலக்காய், கராம்பு, சாதிக்காய், சாதிபத்திரி, திப்பிலி, சுக்கு என்று விற்கிறார்கள். இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது மூக்கும் காதும் செய்யும் வேலை.

கராம்பில் தலை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தலையில்லாத கராம்பு இரண்டாம் தரம். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் எண்ணெய் உள்ள கராம்பு தலை மேலாக நின்றபடி இருக்கும். எண்ணெய் எடுத்துவிட்ட சக்கை படுத்து மிதக்கும். வீட்டுக்கு மளிகை வாங்கும் எல்லாருக்கும் இந்தச் சோதனை பயன்படும்.

சாதிக்காயை ஓட்டோடு ஆட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே பருப்பு கடகடவென்று ஆடினால் காய்ந்தது. சத்தம் வராவிட்டால் இன்னும் காயவில்லை. அதை உடைத்தால் பருப்பில் பூஞ்சை பிடிக்கும். மஞ்சளும் அப்படித்தான். இரண்டு கிழங்கை ஒன்றோடொன்று தட்டினால் உலோகம் போலச் சத்தம் வர வேண்டும். ஈரோட்டு மஞ்சள் சந்தையிலும் இதே தட்டல்தான். ஊர் மாறினாலும் வாங்குபவரின் சோதனை மாறவில்லை.

மஞ்சள் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். உள்நாட்டு விவசாயிகளைக் காப்பதற்காக இலங்கை அரசு 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அடுத்த ஆண்டே அங்கே மஞ்சள் விலை பல மடங்கு ஏறியது. ராமேஸ்வரம், தூத்துக்குடி கடற்கரைகளில் கடத்தல் மஞ்சள் மூட்டைகள் பிடிபட்ட செய்திகளை 2020, 2021-இல் நீங்கள் படித்திருப்பீர்கள். தட்டுப்பாடு வந்ததும் மாவும் சாயமும் கலந்த போலி மஞ்சள் தூளும் தலைகாட்டியது. பக்கத்து நாட்டில் விலை ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு இங்கே மஞ்சள் நடுவதில் ஆபத்து உண்டு. மஞ்சள் எட்டு, ஒன்பது மாதப் பயிர். ஓர் அரசாணையால் ஏறிய விலை, நாம் அறுவடை செய்வதற்குள் இன்னோர் அரசாணையால் இறங்கிவிடலாம். தூரத்து விலையைப் பார்த்துப் பயிரை மாற்றாதீர்கள். அங்கே எதிர்பார்க்கும் தரத்தைப் பார்த்து வேலையை மாற்றுங்கள்.

கறுவா: உரிக்கும் கைக்கும் பங்கு உண்டு

மதியத்துக்கு மேல் கறுவாக் கடைக்கு வாருங்கள். நம் ஊர் மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, கரடுமுரடான, ஒரே சுருளாக இருக்கும் மரப்பட்டை. அது 'காசியா' என்ற வேறு இனம். சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வருவது. இலங்கைக் கறுவா காகிதம் போல மெல்லியது. பல அடுக்குகளைச் சுருட்டுப் போல ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்திருப்பார்கள். கையால் நொறுக்கலாம். வாசனையில் இனிப்பு இருக்கும். இரண்டையும் கையில் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

காசியாவில் 'கூமரின்' என்ற பொருள் அதிகம். அளவுக்கு மீறித் தொடர்ந்து சாப்பிட்டால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம். கறுவாவில் அது மிக மிகக் குறைவு. நம் உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இரண்டுக்கும் தனித்தனி தர வரையறை உண்டு.

கறுவாவை எப்படி எடுக்கிறார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மழை பெய்து பட்டை கழன்று வரும் பருவத்தில் இளந்தண்டை வெட்டுகிறார்கள். மேல்தோலைச் சுரண்டிவிட்டு, பித்தளைக் கம்பியால் தேய்த்து, உள்பட்டையைக் கத்தியால் கீறி முழுதாக எடுக்கிறார்கள். பிறகு குழலுக்குள் குழலாக அடுக்கி நிழலில் காயவைக்கிறார்கள். குழலின் பருமன் குறையக் குறைய விலை கூடும். மிக மெல்லியதற்கு 'அல்பா' என்று பெயர். அதன் விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரே தோட்டத்துத் தண்டிலிருந்து அல்பாவும் வரலாம், தடித்த மலிவு ரகமும் வரலாம். உரிப்பவரின் கைத்திறனும் அந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது. தேர்ந்த உரிப்பாளர்கள் கிடைப்பது இப்போது அங்கே பெரிய சிக்கலாக இருக்கிறது.

டச்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இதைக் கொழும்பில் தோட்டமாகப் பயிரிட்டார்கள். அதுவரை காட்டிலிருந்து உரித்து வந்தது. இன்றும் நகரத்தின் ஒரு பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர் இருக்கிறது. அவ்வளவு பழைய பெயர் இருந்தும், உலகச் சந்தையில் காசியாவும் 'சின்னமன்' என்ற பெயரிலேயே விற்றது. 2022 பிப்ரவரியில் 'சிலோன் சின்னமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை இனி அங்கே வேறு சரக்குக்கு வைக்க முடியாது.

நமக்கும் புவிசார் குறியீடு பெற்ற நறுமணப் பொருட்கள் உண்டு: ஈரோடு மஞ்சள், கன்னியாகுமரி கிராம்பு, ராமநாதபுரம் குண்டு மிளகாய். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். மூட்டைக்குள் இருக்கும் தரத்தை விவசாயிதான் காக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு 'நம் செம்மண்ணில் கறுவா நடலாமா' என்று தொலைபேசியில் கேட்கத் தோன்றும். கறுவாவுக்கு ஆண்டு முழுவதும் பரவலான மழையும் ஈரக்காற்றும் தேவை. நமக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டி முடிந்துவிடுகிறது. வீட்டுத் தோட்டத்தில் ஒன்றிரண்டு மரம் வைத்துப் பார்க்கலாம். ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம்.

போகிறவர்கள் கவனிக்க

ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி நாளும் போகாதீர்கள். பௌர்ணமியைப் 'போயா' என்கிறார்கள். அது அங்கே பொது விடுமுறை. ஞாயிறன்று மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். காலையில் மொத்தக் கடை, மதியத்துக்கு மேல் சில்லறைக் கடை என்ற வரிசை நல்லது. காலையில் வியாபாரிக்குப் பேச நேரம் இருக்காது. கூட்டம் குறைந்த பிறகு அவரே உட்காரச் சொல்வார்.

இரண்டு தரத்திலும் நூறு நூறு கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். நல்லதை மட்டும் வாங்கிவந்தால் ஊரில் யாருக்கும் வித்தியாசம் புரியாது. ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர், தரம், விலை எழுதி வையுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மிளகுக் கொடி, கறுவாக் கன்று, முளைக்கும் விதை, மண் ஒட்டிய கிழங்கு எதையும் பைக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டாம். அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் நடவுப் பொருள் கொண்டுவருவது நம் தாவரத் தடுப்புக்காப்பு விதிப்படி குற்றம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2021-இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களில் பூவைக் கருக்கிய புதுவகை இலைப்பேன் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்ததுதான். ஒரு கன்றோடு வரும் பூச்சி ஒரு மாவட்டத்தின் மகசூலைக் கொண்டுபோய்விடும்.

ஊரில் செய்ய வேண்டியவை

அந்தச் சந்தையில் வாங்குபவர் செய்யும் சோதனைகளை வரிசையாக எழுதிப் பார்த்தால், நம் களத்து வேலை தானாகப் பிடிபடும்.

தார்ச்சாலையிலும் மண் தரையிலும் காயவைப்பதை நிறுத்துங்கள். சாலைத் தூசி, வண்டி எண்ணெய், நாய், ஆடு எல்லாம் சரக்கில் சேர்கின்றன. அந்தக் கிருமிகளை ஒழிக்கத்தான் பிற்பாடு ஆலைகளில் 'எத்திலீன் ஆக்சைடு' போன்ற வாயுவைச் செலுத்துகிறார்கள். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாத் தூள் சிலவற்றை விற்பனையிலிருந்து நீக்கச் சொன்னது இந்த வாயுவின் எச்சத்துக்காகத்தான். களம் சுத்தமாக இருந்தால் பின்னால் அந்த மருந்துக்கான தேவை குறையும். சிமென்ட் களமோ சுத்தமான தார்ப்பாயோ போதும். முடிந்தவர்கள் சூரிய உலர்த்தி போடலாம். மானியம் பற்றி வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள்.

வத்தலுக்கு நன்றாகப் பழுத்த பழத்தை மட்டும் பறியுங்கள். அரைப்பழத்தை நிழலில் இரண்டு, மூன்று நாள் குவித்து வைத்தால் நிறம் சீராகும். பிறகு மெல்லிய அடுக்காகப் பரப்பி, தினமும் புரட்டி, மாலையில் பனி படாமல் மூடுங்கள். ஈரப்பதம் 10, 11 சதவீதத்துக்கு வந்த பிறகே மூட்டை கட்டுங்கள். காம்போடு வேண்டுமா, காம்பு நீக்கியா என்பதை வாங்குபவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சளை அறுவடை செய்த இரண்டு, மூன்று நாளுக்குள் வேகவையுங்கள். வெந்தது தெரிய, குச்சியால் குத்தினால் எளிதாக இறங்க வேண்டும். விரலி, குண்டு இரண்டையும் தனித்தனியாக வேகவையுங்கள்.

உரம், பூச்சிமருந்து வந்த சாக்கில் சரக்கைக் கட்டாதீர்கள். தரையிலிருந்து உயர்த்திப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். கடைசியாக மருந்து அடித்த நாளை எழுதி வையுங்கள். வாங்குபவர் கேட்கும் காலம் வந்துவிட்டது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நாம் 'கண்டுணர்வு சுற்றுலா' என்று விவசாயிகளை ஆராய்ச்சி நிலையத்துக்கும் முன்னோடி விவசாயி தோட்டத்துக்கும் அழைத்துப் போகிறோம். நல்ல காரியம். ஆண்டுக்கு ஒரு பயணத்தையாவது சந்தைக்கு அழைத்துப் போங்கள். அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஈரோட்டில் மஞ்சள் ஏலம் நடக்கிறது. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. விருதுநகரில் வத்தல் வியாபாரம் நடக்கிறது. நம் விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமே ஒரு பள்ளிக்கூடம்தான். விவசாயி தன் சரக்கை இறக்கிவிட்டுக் காசுக்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில், பக்கத்துக் குவியலுக்கு ஏன் கூடுதல் விலை கிடைத்தது என்று அவருக்குக் காட்டுங்கள்.

அழைத்துப் போகும்போது இரண்டு தர மாதிரிகளைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் கொண்டுபோங்கள். மிளகுக்கு ஒரு லிட்டர் படியும் தராசும் எடுத்துக்கொள்ளுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வைத்திருப்பவர்கள் ஈரப்பதமானி ஒன்றைப் பொதுவாக வாங்கி வைத்து, உறுப்பினர்களின் சரக்கை விற்பதற்கு முன் அளந்து சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் வத்தலைக் காதில் ஆட்டி ஈரம் சொல்லிவிடுவார். அந்த அறிவு நம் கிராமங்களில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக்கு வாங்கும்போது பயன்படுத்தும் அதே சோதனையை விற்கும்போதும் நாமே முதலில் செய்துவிட வேண்டும்.

வரும் அறுவடைக்கு முன் ஒரு நாள் உங்கள் மண்டியில் காலை முதல் மதியம் வரை சரக்கு இல்லாமல் போய் உட்காருங்கள். வாங்குபவர் கை எங்கே போகிறது, எதைப் பார்த்ததும் விலையைக் குறைக்கிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். களத்தில் எதைத் திருத்த வேண்டும் என்பதற்கான பட்டியல் அந்தத் தாளில் இருக்கும்.